இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்த பிறகு: எந்த ஆபரேஷன், யாருக்கு?

இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களில் பலர் முதலில் எடுத்திருப்பது முழங்கால் எக்ஸ்ரேதான். வலி கவட்டியில் தொடங்கி, தொடையின் முன்பக்கமாக இறங்கி, முட்டியில் வந்து நிற்கும். அதனால் முட்டிக்குத் தைலம், முட்டிக்கு ஊசி, முட்டிக்கு பெல்ட் என்று ஒரு வருடம் ஓடிவிடும். பேன்ட் பெல்ட் கட்டும் இடத்தில், முதுகுக்குக் கீழே வலித்தால் பெரும்பாலும் அது முதுகெலும்புப் பிரச்சினை. கவட்டியில் வலி, கால் நகம் வெட்ட முடியவில்லை, சப்பணம் போட முடியவில்லை, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளினால் உயிர் போகிறது என்றால் இடுப்பு மூட்டைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி அசைவு தொடையை உள்பக்கம் திருப்புகிறது. மூட்டு கெடும்போது முதலில் பறிபோவது இதுதான்.

முற்றிய தேய்மானம் என்று எதைச் சொல்கிறார்கள்? தொடை எலும்பின் உருண்டைத் தலைதான் பந்து, அது உட்காரும் இடுப்பெலும்புக் குழிதான் கிண்ணம். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிய வேண்டிய இடைவெளி மறைந்து, எலும்போடு எலும்பு ஒட்டி நிற்கும். ஓரங்களில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருக்கும். பந்தின் மேல்பகுதி தட்டையாகியிருக்கும், அல்லது அமுங்கியிருக்கும். மேலை நாடுகளில் இதற்கு முதல் காரணம் வயது. நம்மிடம் 30, 40 வயதிலேயே வருகிறவர்கள் அதிகம். பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும் ஏவிஎன் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. அதற்கு ஸ்டீராய்டு, மது இரண்டும் முக்கியக் காரணங்கள். காரணமே பிடிபடாமல் வருவதும் உண்டு. முதுகை மூங்கில்போல் விறைக்க வைக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முடக்குவாதம், பழைய எலும்பு முறிவு, சின்ன வயதில் வந்து ஆறிய டிபி, பிறவியிலேயே ஆழமில்லாத கிண்ணம் ஆகியவையும் வரிசையில் இருக்கின்றன. காரணம் என்ன என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. ஆபரேஷனில் என்ன தப்பு நடக்க வாய்ப்பு என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

எக்ஸ்ரே மோசமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லை. இரவில் தூக்கம் கெடுகிறதா, அரை கிலோமீட்டர் நடக்க முடிகிறதா, தினமும் வலி மாத்திரை தேவைப்படுகிறதா என்பவைதான் தீர்மானிக்கும். வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிக் கிட்னியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவருக்கு ஆபரேஷன் ஆபத்து கூடுகிறது. தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு.

பெயர்ப் பட்டியல் நீளமானது, தேர்வு குறுகியது

இணையத்தில் தேடினால் அரை டஜன் ஆபரேஷன் பெயர்கள் வரும். அவற்றில் பாதி, முற்றிய மூட்டுக்குப் பயன்படாதவை. கோர் டிகம்ப்ரஷன் என்பது ஏவிஎன்-ல் பந்துக்குள் துளை போட்டு அழுத்தத்தைக் குறைப்பது. பந்து அமுங்குவதற்கு முன்னால்தான் அதற்கு அர்த்தம். அமுங்கிய பந்தைத் துளை போட்டு நிமிர்த்த முடியாது. ஸ்டெம் செல் ஊசியும் அதை உருண்டையாக்காது. துளைவழி ஆபரேஷனான ஆர்த்ரோஸ்கோபிக்கும் இதே கதைதான்: இடைவெளி 2 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் பலன் மிகக் குறைவு. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் பெரிஅசிடாபுலர் ஆஸ்டியாட்டமி அருமையான ஆபரேஷன்தான். ஆனால் அது ஆழமில்லாத கிண்ணத்தோடு பிறந்த, ஜவ்வு (எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு) இன்னும் நன்றாக இருக்கிற இளம் வயதினருக்கு உரியது.

மூட்டை அசையாமல் ஒட்டவைப்பது இன்னொரு பழைய வழி. வலி போய்விடும், பாரம் தூக்கலாம். ஆனால் பத்து இருபது வருடத்தில் முதுகும் முட்டியும் கூடுதல் வேலை செய்து தேயும். பந்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு எதையும் பொருத்தாமல் விடுவதற்கு கர்டில்ஸ்டோன் என்று பெயர். இதில் கால் சில சென்டிமீட்டர் குட்டையாகும், நொண்டல் நிரந்தரம், கைத்தடி வேண்டும். அதே சமயம் குத்தவைத்து உட்காரலாம், சப்பணம் போடலாம். தரையோடு வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு நம் நாட்டில் ஒரு காலத்தில் இதை நிறையச் செய்தார்கள். இன்று கிருமி பிடித்து வேறு வழியில்லாத மூட்டுக்குத்தான்.

இன்னொரு குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். "பாதி மாற்று" என்று சொல்லப்படும் பைபோலார், பந்தை மட்டும் மாற்றிக் கிண்ணத்தை அப்படியே விட்டுவிடுவது. விழுந்து தொடை எலும்புக் கழுத்து முறிந்த வயதான பாட்டிக்கு அது சரியான ஆபரேஷன், ஏனென்றால் அவருடைய கிண்ணத்தில் ஜவ்வு இருக்கிறது. தேய்மானத்தில் கிண்ணமும் கெட்டிருக்கும். அங்கே உலோகப் பந்தை வைத்தால் கவட்டி வலி தொடரும், கிண்ணம் உள்பக்கமாகக் குடைந்துபோகும். செலவு குறைவு என்று தேய்மானத்துக்கு பைபோலார் பேசப்பட்டால், வேறு ஒரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

ரீசர்ஃபேஸிங் என்பது பந்தை வெட்டி எறியாமல் செதுக்கி, மேலே உலோகத் தொப்பி போடுவது. தொப்பியும் கிண்ணமும் இரண்டுமே கோபால்ட்-குரோமியம். விளையாட்டு, கடின உழைப்பு என்று இருக்கிற, எலும்பு பெரிதாக உள்ள 50, 55 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு நல்ல கைகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. சின்ன அளவுகளில் உலோகத் துகள் அதிகம் உதிர்ந்து சுற்றியுள்ள தசை கெட்டது. பர்மிங்ஹாம் வகையின் சிறிய அளவுகள் 2015-ல் நிறுத்தப்பட்டன. பெண்களுக்குப் பொருத்தக் கூடாது என்றும் அப்போது சொல்லப்பட்டது. அதற்கு முன்பே 2010 ஆகஸ்டில் டீப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டிருந்தது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் காலகட்டத்தில் உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு போட்டுக்கொண்டவர்கள், வலி இல்லாவிட்டாலும், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவும் எக்ஸ்ரேவும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இவையெல்லாம் போக மிஞ்சுவது முழு இடுப்பு மூட்டு மாற்று. முற்றிய தேய்மானத்தில் பெரும்பாலோருக்கு அதுதான். எனவே "எந்த ஆபரேஷன்" என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்த ஒரே ஆபரேஷனுக்குள் இருக்கும் தேர்வுகளைப் புரிந்துகொள்வதில் நேரம் செலவிடலாம்.

நான்கு பாகங்கள்

தொடை எலும்புக்குள் இறங்கும் ஸ்டெம், அதன் கழுத்தில் சொருகும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கப், கப்புக்குள் உட்காரும் லைனர். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணமும் 22 மி.மீ. சொச்சம் விட்டமுள்ள சின்ன உலோகப் பந்துமாக இதை நிலைநிறுத்தினார். அதற்கு முன் அவர் டெஃப்ளான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். மூன்று நான்கு வருடத்தில் தேய்ந்து, உதிர்ந்த துகளால் எலும்பு கரைந்தது. உரசும் இரண்டு பரப்புகளில் என்ன உதிர்கிறது என்பதுதான் இன்றுவரை இந்த மூட்டின் ஆயுள் கணக்கு.

ஆகவே லைனருக்கும் பந்துக்கும் கவனம் கொடுங்கள். கிராஸ்லிங்க் செய்த, அதாவது மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த, பாலிஎதிலீன் லைனர் 1990-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. பழைய பாலியைவிடத் தேய்மானம் மிகக் குறைவு. இதோடு செராமிக் பந்து சேர்வது இன்று 65-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொதுவான தேர்வு. அதற்கு மேல் வயதானவர்களுக்கு இதே லைனரோடு உலோகப் பந்து போதும். கூடுதல் பணம் தேவையில்லை. செராமிக்கோடு செராமிக் வைத்தால் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சிடும்; அரிதாக உடையவும் செய்யும், உடைந்தால் சில்லுகளை முழுக்க எடுப்பது பெரும்பாடு. 70 வயதுக்காரருக்கு "செராமிக்கோடு செராமிக்தான் பெஸ்ட், வாழ்நாள் முழுக்க வரும்" என்று விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பந்தின் அளவு இன்னொரு பேரம். 36 மி.மீ. பந்து 28-ஐவிட எளிதில் நழுவாது. ஆனால் உடல்வாகு சிறிய பெண்களுக்குக் கப்பே 46 அல்லது 48 மி.மீ.தான் பொருந்தும். அதற்குள் 36 பந்து வைத்தால் லைனர் மெலிந்துவிடும். அப்போது 32, சில சமயம் 28. "பெரிய பந்து போடச் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாததற்கு இதுதான் காரணம். பந்துக்குள் பந்து வைத்து இரண்டு இடத்தில் அசையும் டூயல் மொபிலிட்டி என்ற வகை, நழுவும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு நல்லது: முதுகெலும்பு ஒட்டவைக்கப்பட்டவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள், தசை பலவீனமான முதியவர்கள்.

சிமென்ட்டா, சிமென்ட் இல்லாததா? எலும்பு சிமென்ட் பசை அல்ல. டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கலவைபோல இடத்தை அடைத்துப் பிடிப்பது. சிமென்ட் இல்லாத ஸ்டெம்மின் சொரசொரப்பான மேல்பரப்பில் எலும்பு வளர்ந்து கவ்விக்கொள்ளும். இளைஞர்களுக்கு அது. எலும்பு சன்னமாகி, உள்குழல் அகன்றுபோன முதியவருக்கு அதைத் தட்டி இறக்கும்போது தொடை எலும்பு விரிசல் விடும் ஆபத்து உண்டு. அவருக்கு சிமென்ட் ஸ்டெம்மே பாதுகாப்பு. ஆனால் சிமென்ட் அழுத்தும் நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் மயக்க மருத்துவர் அங்கே விழிப்பாக இருக்க வேண்டும். சிமென்ட் என்றால் பழசு, மட்டம் என்று நினைப்பது தவறு.

ஆபரேஷன் மேசையில்

முதலில் எக்ஸ்ரே மேல் அளவுகளை வரைந்து பார்த்துக்கொள்வார்கள். தோல் வெட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், ரத்தம் அதிகம் போகாமல் இருக்க டிரானெக்ஸாமிக் ஆசிட். பெரும்பாலும் முதுகில் ஊசி, சிலருக்கு முழு மயக்கம். தசைகளை விலக்கி மூட்டை வெளியே கொண்டுவந்து, தொடை எலும்புக் கழுத்தை ரம்பத்தால் வெட்டிப் பந்தை எடுத்துவிடுவார்கள். பிறகு அரைக்கோள வடிவ ரீமர் கொண்டு கிண்ணத்தைக் குடைவது: 44 மி.மீ.-ல் தொடங்கி, ஒவ்வொரு அளவாக ஏற்றி, எலும்பிலிருந்து பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும்வரை. கடைசி ரீமர் 49 என்றால் 50 கப்பைத் தட்டி இறக்குவார்கள்; அந்த ஒரு மில்லிமீட்டர் இறுக்கம்தான் எலும்பு வளர்ந்து பிடிக்கும்வரை அதைத் தாங்குகிறது. பிடி போதவில்லை என்றால் ஒன்றிரண்டு ஸ்குரு. கப்பின் சாய்வு 40 டிகிரி, முன்னோக்கிய திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் 10 டிகிரி முன்பின் என்பது பழைய கணக்கு. முதுகு விறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்காது. உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாயாததால், எண்களில் கப் சரியாக இருந்தும் பந்து நழுவலாம். அவர்களுக்கு உட்கார்ந்தும் நின்றும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துத் திட்டமிட வேண்டும்.

தொடை எலும்புக்குள் அரம்போன்ற புரோச்சுகளைச் சின்னதிலிருந்து பெரிதாக இறக்கி, மாதிரிப் பந்து சொருகி, மூட்டைச் சேர்த்து எல்லாப் பக்கமும் மடக்கித் திருப்பிப் பார்ப்பார்கள். நழுவுகிறதா, கால் நீளம் சரியா என்று அங்கேதான் முடிவாகும். மூட்டு தொளதொளவென்று இருந்தால் நீளமான கழுத்து போட வேண்டியிருக்கும். அப்போது கால் சில மில்லிமீட்டர் நீளலாம். மூட்டு நழுவாமல் இருப்பது முதல் வேலை, நீளம் இரண்டாவது.

கால் நீளம்பற்றி ஆபரேஷனுக்குப் பிறகு வரும் புகார்களில் பல, உண்மையான நீளம் அல்ல. வருடக்கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தவரின் இடுப்பெலும்பு சாய்ந்தே பழகியிருக்கும். மூட்டு நேரானதும் அந்தக் கால் நீண்டதுபோல் தோன்றும். தசை இளகி, சாய்வு நிமிர மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் செருப்பில் ஹீல் ஒட்டினால் சாய்வு நிரந்தரமாகிவிடும்.

மூட்டை வெட்டி அடையப் பின்பக்க வழி, பக்கவாட்டு வழி, முன்பக்க வழி என்று மூன்று உண்டு. முன்பக்க வழியில் முதல் சில வாரங்கள் தேறுவது கொஞ்சம் வேகம். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது சிலருக்கு உண்டு. பின்பக்க வழியில் வெட்டிய தசைகளைத் திரும்பத் தைத்தால் நழுவல் பெரிதும் குறைகிறது. பக்கவாட்டு வழியில் நழுவல் குறைவு, நொண்டல் சற்று அதிகம். ஆறு மாதத்தில் வித்தியாசம் பெரிதாக இருக்காது. டாக்டருக்கு எந்த வழி கைவந்ததோ அதுவே நல்ல வழி. ரோபோ, கப்பைத் துல்லியமாக வைக்க உதவுகிறது. அதற்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

முன்னேற்பாடு, பின்விளைவு

தொற்று நூற்றில் ஒன்று இரண்டு பேருக்கு வருகிறது. வந்தால் வாழ்க்கையைப் புரட்டிப்போடும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கவட்டியில் படர்தாமரை, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் எல்லாவற்றையும் முதலில் ஆற்றிக்கொண்டு வர வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) எட்டுக்குக் கீழே இருக்கட்டும். புகையை நான்கு முதல் ஆறு வாரம் முன்பே விடுங்கள். வலிக்காக மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் கழித்தே ஆபரேஷன். வலிக்குப் பெயர் தெரியாத பொடி சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து திடீரென்று நின்றால், மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் சரியும்.

ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ வாக்கரோடு நிற்கவைப்பார்கள். படிக்கட்டு ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி ஆபரேஷன் செய்த பக்கத்துக்கு எதிர்க் கையில். பலர் அதே பக்கத்தில் பிடித்து நொண்டலைக் கூட்டிக்கொள்கிறார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அல்லது ஊசி ஐந்து வாரம்வரை ஓடலாம். பாதியில் நிறுத்தக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை.

காயத்திலிருந்து ஒரு வாரம் தாண்டியும் நீர் கசிந்தால், பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டு மூடி மறைக்காதீர்கள். ஆபரேஷன் செய்தவரிடம் போங்கள். முதல் நான்கு வாரத்துக்குள் என்றால் திறந்து கழுவி, லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கண்டபடி ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் எந்தக் கிருமி என்றே கல்ச்சரில் தெரியாது. தாமதமானால் எல்லாவற்றையும் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையை வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, மறுபடி புதிய மூட்டு.

இனி உட்காருவது பற்றி. பின்பக்க வழியில் செய்தவர்களுக்கு முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மூன்று அசைவுகள் கூடாது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே கொண்டுபோவது, பாதம் வெளியே போகும்படி தொடையை உள்பக்கம் திருப்புவது. மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் நம் வீடுகளில் எது தெரியுமா? சப்பணம் அல்ல. இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்து ஒருக்களித்து உட்கார்வது. பூ கட்டும்போதும் காய் நறுக்கும்போதும் பெண்கள் உட்காரும் விதம். அதில் ஒரு பக்க இடுப்பு மடங்கி உள்ளே திரும்புகிறது. சேலையோடு பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்வதும், தாழ்ந்த சோபாவிலிருந்து முன்னால் குனிந்து எழுவதும் இதே வகை. சப்பணத்தில் தொடை வெளியே திரும்புவதால் பின்பக்க நழுவல் ஆபத்து குறைவு; உட்காரும்போதும் எழும்போதும்தான் சிக்கல். மூன்று மாதம் கழித்து, எக்ஸ்ரே பார்த்து, டாக்டர் சரி என்றால் சப்பணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால் நகம் வெட்ட முட்டியை வெளியே விரித்து, உள்பக்கமாகக் கை நீட்ட வேண்டும். முன்பக்க வழியில் செய்திருந்தால் விதி தலைகீழ்: காலைப் பின்னால் நீட்டி வெளியே திருப்புவதுதான் ஆபத்து. எந்த வழி என்று தெரியாமல் அடுத்த வீட்டுக்காரரின் அட்டவணையைப் பின்பற்றாதீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும் முன்பே வெஸ்டர்ன் டாய்லெட், அதன் மேல் 4 அங்குல உயரப் பலகை, பாய்க்குப் பதில் கட்டில், கை வைத்த உறுதியான நாற்காலி தயாராக இருக்கட்டும். உட்காரும்போது முட்டியைவிட இடுப்பு உயரமாக இருந்தால் உயரம் சரி. திடீர் வலியோடு கால் குட்டையாகி உள்ளே திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவிவிட்டது. யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம். மயக்கம் கொடுத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

எத்தனை வருடம் வரும்? 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வின்படி 100 மூட்டில் 58 மூட்டு 25 வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. அவை பழைய பாலி காலத்து மூட்டுகள். 40 வயதில் செய்துகொள்கிறவர் இன்னொரு ஆபரேஷனுக்கும் மனதளவில் தயாராக இருப்பது நல்லது. வலி இல்லாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு கரைவது வலியில்லாமல் நடக்கும்.

செலவில் ஒரு தகவல். 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது முழங்கால் மூட்டுக்கு. அந்த உத்தரவு இடுப்புக்குப் பொருந்தாது. அதனால் பேக்கேஜ் தொகையை மட்டும் கேட்காமல், இம்பிளான்ட் விலை எவ்வளவு, எந்தக் கம்பெனி, லைனர் எது, பந்து எது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரித்துவிட்டுத் தனியாருக்குப் போகலாம்.

பாகங்கள் ஒவ்வொன்றின் பெட்டியிலும் எண், அளவு, லாட் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அவை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டப்பட்டிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, போனில் படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 15 வருடம் கழித்து லைனரை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், எந்தக் கப்புக்கு எந்த லைனர் பொருந்தும் என்பது அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் நன்றாகப் பிடித்திருக்கும் கப்பையும் எலும்போடு சேர்த்துக் கழற்ற வேண்டி வரலாம்.